மலைச்சரிவு ஊரில் ட்ரோன்: ஹாலிஃபாக்ஸ் படப்பிடிப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

ட்ரோன் திரையில் காட்டும் உயரம், அதைக் கிளப்பிய இடத்திலிருந்து அளந்த உயரம். அது அந்த நேரத்தில் எந்தத் தரைக்கு மேலே பறக்கிறதோ அந்தத் தரையிலிருந்து அளந்தது இல்லை. சமவெளியில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் பலர் இதை யோசிப்பதே இல்லை. மேடும் பள்ளமுமான ஒரு பழைய ஆலை நகரத்தைப் படமெடுக்கப் போனபோது, இந்த ஒரு விஷயமே முழுத் திட்டத்தையும் மாற்றிப் போட்டது. 2024 அக்டோபரில், இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷரில் உள்ள ஹாலிஃபாக்ஸில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ட்ரோனை இயக்குபவர் பக்கத்தில் நின்று, திரையைப் பார்க்காமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் துணையாளின் வேலை அன்று என்னுடையது.

பின்னணி

உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள சிறு குழு ஒன்று, நகரத்தின் அடையாளச் சின்னங்களை வானிலிருந்து காட்டும் ஒரு குறும்படம் எடுக்க விரும்பியது. குழுவில் பாதிக்கு மேல் எழுபது வயதைத் தாண்டியவர்கள். ஹாலிஃபாக்ஸ் ஏறி இறங்க வேண்டிய ஊர். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதன் தெருக்களே பெரிய பாடு. வெயின்ஹவுஸ் கோபுரத்தின் உச்சிக்குப் போக 403 படிகள். அங்கேயே பிறந்து வளர்ந்தும் அந்த உச்சியிலிருந்து ஊரைப் பார்த்திராதவர்கள் குழுவில் இருந்தார்கள். படம் அவர்களுக்காகத்தான்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகள் அதைப் பொறுத்தே அமைந்தன. ஹாலிஃபாக்ஸை வளர்த்தது கம்பளி. சுற்றியிருந்த மலைக்கிராமங்களில் வீட்டுத் தறியில் நெய்த துணிகளை விற்பதற்காக 1779 ஜனவரி 1 அன்று பீஸ் ஹால் திறக்கப்பட்டது. நடுவில் பரந்த முற்றம், நான்கு புறமும் தூண் வரிசைகளோடு 315 அறைகள். மேற்குப் பக்கம் இரண்டு மாடி. தரை கிழக்கே சரிவதால் அந்தப் பக்கம் மூன்று மாடி. ஆனால் கூரை விளிம்பு நான்கு பக்கமும் ஒரே மட்டம். நீராவி ஆலைகள் வந்ததும் கைத்தறி வியாபாரம் தேய்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த மண்டபம் காய்கறி, பழ மொத்தச் சந்தையாக மாறி, ஏறக்குறைய ஒரு நூறாண்டு அப்படியே இருந்தது. பெரிய அளவில் சீரமைத்து 2017-இல் மறுபடி திறந்தார்கள்.

அந்த நீராவிக் காலத்தின் அடையாளம் டீன் கிளஃப். கிராஸ்லி குடும்பத்தின் கம்பள ஆலை அது. 1841 முதல் 1869 வரை கட்டடம் கட்டடமாக வளர்ந்து, ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்கு நீண்டது. உலகின் மிகப் பெரிய கம்பள ஆலைகளில் ஒன்றாக இருந்து, 1982-இல் மூடப்பட்டது. இன்று அலுவலகங்களும் கலைக்கூடங்களும் அதற்குள் இருக்கின்றன.

முதல் திட்டமும் அது நிற்காத காரணமும்

பட்டியலில் ஆறு இடங்கள்: பீஸ் ஹால், டீன் கிளஃப், 1871-இல் கட்டிய நார்த் பிரிட்ஜ் இரும்புப் பாலம், அதற்கு அப்பால் ஹேலி ஹில்லில் உள்ள ஆல் சோல்ஸ் தேவாலயம், ஹாலிஃபாக்ஸ் மின்ஸ்டர் தேவாலயம், ஊரின் தென்மேற்கே வெயின்ஹவுஸ் கோபுரம். நகரத்தின் கிழக்கே செங்குத்தாக எழும் பீக்கன் ஹில் உச்சியில் நின்று, ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று குழு நினைத்தது. மேலே நின்று பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான்.

இயக்குபவர் சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை மேசையில் விரித்து வைத்ததும் அந்த எண்ணம் கலைந்தது. பிரிட்டனில் ட்ரோன் பறக்கக்கூடிய உச்ச உயரம் 120 மீட்டர், அதாவது 400 அடி. இது ட்ரோனுக்கு மிக அருகில் உள்ள தரையிலிருந்து அளக்கும் உயரம். பீக்கன் ஹில் உச்சிக்கும் ஊர் நடுவுக்கும் உயர வித்தியாசமே 100 மீட்டருக்கு மேல். உச்சியில் கிளப்பி, திரையில் 30 மீட்டர் என்று காட்டும் உயரத்தில் பள்ளத்துக்கு மேலே நகர்ந்தால், உண்மையில் சட்ட வரம்பைத் தாண்டிப் போயிருப்போம். கருவி எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் அதன் கணக்குப்படி அது 30 மீட்டரில்தான் இருக்கிறது. மலைச்சரிவோடு ஒட்டி இறங்கிக்கொண்டே போகலாம். அப்போது திரையில் மைனஸ் 20, மைனஸ் 40 என்று ஓடும். அந்த எண்ணை வைத்துத் தரையைக் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டுவது, பயிற்சி உள்ளவருக்கும் கவனத்தைச் சிதறடிக்கும் வேலை.

தலைகீழாக, பள்ளத்திலிருந்து கிளப்பினாலும் சிக்கல் உண்டு. கருவியின் மென்பொருள் கிளப்பிய இடத்திலிருந்து 120 மீட்டரில் நிறுத்திவிடும்படி அமைத்திருந்தது. மேட்டில் நிற்கும் கோபுரத்தின் உச்சியை அங்கிருந்து எட்டவே முடியாது.

இன்னொன்று, கண்ணுக்கு எட்டும் தூரம். ட்ரோனை எப்போதும் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. உள்ளங்கையளவு கருவி முந்நூறு நானூறு மீட்டர் போனாலே ஒரு புள்ளி. பீக்கன் ஹில்லிலிருந்து வெயின்ஹவுஸ் கோபுரம் இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால்.

எடுத்த முடிவுகள்

ஒரு சின்னத்துக்கு ஒரு கிளப்பும் இடம். அந்த இடம் சின்னத்தின் அடிவாரத்தோடு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் திரையில் வரும் எண்ணை அப்படியே நம்பலாம். இதற்கு விலையாக, ஆறு இடங்களில் கடைசியில் நான்கையே எடுக்க முடிந்தது. மின்ஸ்டரைச் சுற்றி தேவையான மட்டத்தில் பொருத்தமான இடம் அமையவில்லை. ஆல் சோல்ஸ் பற்றிப் பின்னால் சொல்கிறேன். குழுவில் சிலருக்கு வருத்தம்தான், ஆனால் இயக்குபவர் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. அது சரியான பிடிவாதம் என்பது என் கருத்து.

எந்தக் கருவி என்பதிலும் பேச்சு நடந்தது. உறுப்பினர் ஒருவர் தன் மகனின் பெரிய ட்ரோனைத் தர முன்வந்தார். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, கேமரா அருமையானது. ஆனால் கூடுதல் தகுதிச் சான்று இல்லாமல் அந்த எடையுள்ள கருவியை ஓட்டினால் குடியிருப்பு, கடை, தொழிற்பகுதிகளிலிருந்து 150 மீட்டர் தள்ளியே பறக்க வேண்டும். ஹாலிஃபாக்ஸ் நடுவில் அப்படி ஓர் இடமே கிடையாது. 250 கிராமுக்குக் குறைந்த கருவிக்கு இந்தத் தடை இல்லை, கூட்டத்துக்கு மேலே மட்டும் எப்போதும் பறக்கக் கூடாது. எனவே சிறியதையே எடுத்துக்கொண்டோம். கேமரா இருப்பதால் அதற்கும் உரிமையாளர் பதிவு எண் தேவை; கருவியின் மேல் ஒட்டியிருந்தது. அப்போது அந்த எடைக்கு ஓட்டுபவர் தேர்வு கட்டாயமில்லை என்றாலும் இயக்குபவர் எழுதித் தேறியிருந்தார். 2026 ஜனவரி 1 முதல் 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள ட்ரோன்களுக்கு அந்தத் தேர்வு கட்டாயமாகிவிட்டது.

அப்புறம் அனுமதி. வானத்தில் பறக்கக் கூடாது என்று நில உரிமையாளர் பொதுவாகத் தடுக்க முடியாது. ஆனால் தன் நிலத்திலிருந்து கிளப்புவதையும் இறக்குவதையும் தடுக்க முடியும். கிளப்பும் இடம் ஒவ்வொன்றுக்கும் உரியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, கைபேசியில் வைத்துக்கொண்டோம். பீஸ் ஹால் முற்றத்துக்கு மேலே பறப்பதே இல்லை என்று முடிவானது. காலையிலேயே அங்கே மக்கள் வந்துவிடுவார்கள். நாலு பக்கமும் சுவர் அடைத்த இடத்தில் கருவி கோளாறானால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. வெளியே, உறுப்பினர் ஒருவரின் அலுவலகக் கொல்லையிலிருந்து கிளப்பி, சாய்கோணத்தில் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

படப்பிடிப்பு நாள்: காலை

பீஸ் ஹாலில் தொடங்கினோம். அக்டோபர் வெயில் தாழ்ந்து வருவதால் தூண்களின் நிழல் உள்ளே நீளமாக விழுந்திருந்தது. மேலிருந்து பார்த்தபோது, தரையில் நடக்கையில் கண்ணுக்குப் பிடிபடாத ஒன்று தெளிவாகத் தெரிந்தது: சரிந்த நிலத்தில் வைத்த நீள்சதுரப் பெட்டி மாதிரி, கூரை துளிகூடச் சாயாமல், கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு மாடி கூடுதலாக இறங்கியிருக்கிறது. பக்கத்தில் ஸ்கொயர் சர்ச்சின் கூம்புக் கோபுரம் தனியாக நிற்கிறது. 1857-இல் கட்டிய அந்தத் தேவாலயம் இடிந்துபோய்க் கோபுரம் மட்டும் மிஞ்சியது. அதை அணைத்தாற்போல இப்போது நகர நூலகம்.

படத்தில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல். ஹாலிஃபாக்ஸின் மணற்கல் ஆலைப்புகையில் கறுத்தது. பல கட்டடங்களைச் சுத்தம் செய்துவிட்டாலும் அந்தக் கோபுரம் போன்றவை இன்னும் கருமையாகவே இருக்கின்றன. வெளிறிய மேகத்துக்கு எதிரே கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்தபோது கல் வெறும் நிழலாகிவிட்டது. இயக்குபவர் வெளிச்ச அளவைக் கையால் பூட்டிவைத்து, வானம் வெளுத்துப்போனாலும் பரவாயில்லை என்று கல்லுக்கே முன்னுரிமை கொடுத்தார். சித்திர வேலைகள் அதற்குப் பின்தான் தெரிந்தன.

அடுத்து டீன் கிளஃப். முதலில் ஒரு கான்கிரீட் வாகன நிறுத்தத்தின் மேல்தளத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். அங்கே வைத்துக் கருவியை ஆன் செய்ததும் திசைகாட்டிக் கோளாறு என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள்தான் காரணம். அதை அழுத்தி மறைத்துவிட்டுப் பறக்கவும் முடியும், சிலர் அப்படிச் செய்கிறார்கள். மேலே போன பிறகு திசை தெரியாமல் வட்டமடித்துக்கொண்டே விலகிப்போகும் அபாயம் அதில் இருக்கிறது. கீழே இறங்கி, அனுமதி வாங்கியிருந்த இன்னொரு இடமான புல்தரைக்கு மாறினோம். எச்சரிக்கை போய்விட்டது. நேரம் கொஞ்சம் வீணானது, அவ்வளவே.

டீன் கிளஃபின் வரிசை மேலிருந்து பார்க்கும்போது நேர்க்கோடாக இல்லை. ஹெபிள் ஓடையின் பள்ளத்தாக்கு எப்படி வளைகிறதோ அப்படியே வளைகிறது. ஆலைக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, பள்ளத்தாக்கு குறுகல், அதனால் அகலமாக விரிய இடமில்லாமல் உயரமாகவும் நீளமாகவும் வளர்ந்திருக்கிறது. வரைபடம் பார்த்தே புரிந்துகொள்ளலாம் என்று சொல்லலாம். ஆனால் ஆறேழு மாடிச் சுவர்களுக்கு நடுவே அந்த இறுக்கத்தைப் பார்ப்பது வேறு.

நார்த் பிரிட்ஜைத் தூரத்திலிருந்து மட்டுமே எடுத்தோம். அதன் பக்கத்திலேயே 1970-களில் கட்டிய பர்டாக் வே மேம்பாலம் போகிறது. இரண்டிலும் ஓயாத போக்குவரத்து. வண்டி ஓட்டுபவரின் கவனம் ஒரு நொடி மேலே போனாலும் விபத்து. வார்ப்பிரும்பு அலங்காரங்களை அருகில் காட்ட வேண்டும் என்பதற்காக, நடைபாதையில் நின்று சாதாரணக் கேமராவில் எடுத்து இணைத்துக்கொண்டோம்.

பிற்பகல்: வெயின்ஹவுஸ் கோபுரம்

இந்தக் கோபுரத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாயப்பட்டறை முதலாளி ஜான் எட்வர்ட் வெயின்ஹவுஸ் தன் பட்டறையின் புகைபோக்கியாக இதைத் தொடங்கினார். 1871 முதல் 1875 வரை கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 253 அடி, அதாவது 77 மீட்டர். உள்ளே புகைக்குழாய், வெளியே எண்கோணக் கல் உறை, இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு, உச்சியில் மாடங்கள். கட்டி முடிவதற்குள் பட்டறை கைமாறியது. புதியவர் இவ்வளவு செலவை ஏற்க மறுத்தார். புகை அதன் வழியே போகவே இல்லை. பக்கத்து எஸ்டேட்காரரான சர் ஹென்றி எட்வர்ட்ஸ், தன் தோட்டத்தை வெளியிலிருந்து யாராலும் எட்டிப் பார்க்க முடியாது என்று பெருமை பேசியதால்தான் வெயின்ஹவுஸ் மாடங்களை வைத்தார் என்று ஊரில் சொல்வார்கள்.

அடுத்தவர் வீட்டுக்குள் பார்ப்பது பற்றிய கேள்வி எங்களுக்கும் அங்கேதான் வந்தது. கருவியை வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தெருவில் வசிக்கும் பெண் ஒருவர் வந்து, என்ன எடுக்கிறீர்கள், என் பின்கட்டும் அதில் வருமா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, கவலை இருந்தது. சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று அவரிடம் வாதாடுவதில் பயனில்லை. இயக்குபவர் திரையை அவர் கையிலேயே கொடுத்து, எந்தக் கோணத்தில் என்ன தெரியும் என்று வரைபடத்தில் காட்டினார். வீடுகள் உள்ள பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை, தவறிப் பதிவானால் அழித்துவிடுவோம் என்று சொன்னார். அவர் சமாதானமாகி, கோபுரத்தில் காக்கை இனப் பறவைகள் அடையும் பக்கம் எது என்று காட்டிவிட்டுப் போனார். அந்தத் தகவல் பயன்பட்டது. முழு வட்டம் சுற்றுவதாக இருந்த திட்டம் முக்கால் வட்டமானது.

கிளப்புவதற்கு முன் சரிபார்ப்புப் பட்டியலை நான் படிக்க, இயக்குபவர் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். 'திரும்பி வரும் உயரம்' என்ற வரியில் நின்றோம். சிக்னல் அறுந்தால் கருவி தானாக அந்த உயரத்துக்கு ஏறி, கிளப்பிய இடத்துக்கு நேர்க்கோட்டில் திரும்பும். காலையில் வைத்த 60 மீட்டர் அப்படியே இருந்தது. கோபுரம் 77 மீட்டர். அதை 100 ஆக மாற்றினார். கோபுர உச்சிக்கு மேலே 20 மீட்டருக்குக் குறையாத இடைவெளி, 120-க்கும் கீழே.

மாடங்களின் உயரத்தில், சுமார் 65 மீட்டரில், கருவி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கீழே காற்றே இல்லை. மேலே கால்டர் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த காற்று அதை அசைப்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. சிறிய கருவி தாங்கக்கூடிய காற்று வேகம் நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர். அதற்குள்தான் இருந்தது, ஆனால் பேட்டரி வழக்கத்தைவிட வேகமாக இறங்கியது.

கோபுரத்தின் மறுபக்க விளிம்புக்குக் கருவி வந்தபோது படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்றுவிட்டது. ரிமோட்டுக்கும் கருவிக்கும் நடுவே முழுக் கோபுரமும் குறுக்கே நின்றது. அவர் ஸ்டிக்குகளை விட்டுவிட்டு, "தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டார். பாதி தெரிந்தது, கல் விளிம்புக்கு வெளியே ஒரு சிறு சாம்பல் துணுக்கு. சில நொடிகள் அசையாமல் நின்றது, பிறகு நேராக மேலே ஏறியது. உச்சியைத் தாண்டி ஏறி, கோபுரத்துக்கு மேலே குறுக்காக வந்தபோது சிக்னலும் திரும்பியது. அவர் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டு இறக்கினார். பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

பழைய 60 மீட்டர் அமைப்பு இருந்திருந்தால்? கருவி ஏற்கெனவே 65-இல் இருந்ததால் மேலே ஏறாமல் அதே உயரத்தில் நேர்க்கோட்டில் கிளம்பியிருக்கும். வழியில் கோபுரம். முன்பக்க உணரி அதைத் தடுத்திருக்கலாம். அந்த நம்பிக்கையில் 1875-ஆம் ஆண்டுக் கல்வேலையின் மேல் ஒரு கருவியை அனுப்ப முடியாது, கீழே தெருவும் இருக்கிறது.

இரண்டாவது பேட்டரியில் மறுபடி எடுத்தோம். இம்முறை, கோபுரத்தைச் சுற்றிப் பறக்காமல், எங்கள் பார்வைக்கு எட்டும் பக்கத்திலேயே கீழிருந்து மேலாக ஏற்றினார். இரண்டு காட்சிகளையும் பிறகு ஒப்பிட்டபோது, சுற்றியதைவிட ஏற்றியதே நன்றாக இருந்தது. மாடத்தின் வளைவுகள் ஒவ்வொன்றாகத் தோன்றி, அதன்பின் திடீரென்று பள்ளத்தாக்கு விரிகிறது.

ஆல் சோல்ஸை ஏன் விட்டோம்

கிராஸ்லிகளுக்குப் போட்டியாளரான எட்வர்ட் அக்ராய்டின் பணத்தில், ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்து 1859-இல் முடிந்த தேவாலயம் அது. அதன் கூம்பு 236 அடி. கிராஸ்லிகளின் பணத்தில் எழுந்த ஸ்கொயர் சர்ச் கூம்பு 235. அந்த ஓரடியைப் பற்றி ஊரில் இன்றும் பேசுகிறார்கள். இரண்டையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்று குழு மிகவும் ஆசைப்பட்டது. ஆனால் மாலை ஆகிவிட்டது, காற்று கூடியது, மீதம் இருந்த பேட்டரி ஒன்றே. இயக்குபவர் வேண்டாம் என்றார், யாரும் மறுக்கவில்லை.

பின்னர் நடந்தது

ஒன்பது நிமிடப் படமாகத் தொகுத்து, குழுவின் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். தெருவாசிகளின் வீடுகள் பதிவான பகுதிகள் அதற்கு முன்பே அழிக்கப்பட்டன. அந்தப் பெண்ணுக்கும் இறுதிப் படத்தின் பிரதி போனது. மூடப்படும்வரை டீன் கிளஃபில் வேலை செய்த ஒரு மூதாட்டி, ஆலை வரிசை திரையில் வந்ததும் நிறுத்தச் சொல்லி, எழுந்து போய்த் திரையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "ஓடை இங்கேதான் எங்கள் காலுக்குக் கீழே போகும். மழை வலுத்தால் சத்தம் கேட்கும்" என்றார். வானிலிருந்து ஓடை தெரியாது. கட்டடங்களுக்கு அடியில் மூடிய வழியில் போகிறது. அவர் காட்டிய கோட்டைப் படத்தின் மேல் நீல நிறத்தில் வரைந்து, அவர் குரலையும் பதிவுசெய்து சேர்த்தார்கள். அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இனி மாறுவது

இயக்குபவர் தன் பட்டியலில் 'திரும்பி வரும் உயரம்' என்ற வரியை, இடம் மாறும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதாக முதலிடத்துக்கு நகர்த்தியிருக்கிறார். பக்கத்திலேயே இரண்டு எண்களை எழுதிக்கொள்வார்: சின்னத்தின் உயரம், கிளப்பும் இடத்துக்கும் அதன் அடிவாரத்துக்கும் உள்ள மட்ட வித்தியாசம். உயரமான கட்டடத்தைச் சுற்றவே வேண்டியிருந்தால், ரிமோட்டோடு நிற்பவரும் தரையில் கூடவே நகர வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே நடந்து பார்த்துவிட வேண்டும். வழி இல்லையென்றால் சுற்றக் கூடாது. தெருவாசிகளிடம் போய்ச் சொல்வது முந்தைய நாளே நடக்கும், கையில் ஒரு சிறு துண்டுத்தாளோடு.

ஆல் சோல்ஸுக்கு இலையுதிர்ந்த ஒரு குளிர்காலக் காலையைக் குறித்திருக்கிறார்கள். வசந்தத்தில் உயரமான கூம்புகளில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்தாயிற்று. கிளப்பும் இடத்துக்கான சம்மதக் கடிதம் வந்துவிட்டது. மட்ட வித்தியாசத்தை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறோம்.